குகையும் குருளையும்: கொங்கு நிலப் பின்னணியில் சிங்கம் பற்றிய தமிழ்ப் பதிவுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் இலக்கியத்தில் ஆளி, அரிமா, மடங்கல், சிங்கம் ஆகிய பெயர்களில் வரும் விலங்கை, தமிழ் நிலத்தில் சிங்கம் வாழ்ந்தமைக்குச் சான்றாகக் கொள்ளும் போக்கு பாடநூல்களிலும் ஆய்வுகளிலும் காணப்படுகிறது. இப்போக்கினை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. கிர் காட்டுச் சிங்கங்களின் வாழ்வியல், திருப்பூர்ப் பகுதி உள்ளிட்ட கொங்கு நிலத்தின் நடுகற்கள், சங்கப் பாடல்களின் புலிச் சித்திரிப்பு ஆகியவற்றோடு ஒப்பிடுகையில், தமிழ்ச் சிங்கம் தனக்குரிய வாழ்வை இழந்து, புலியின் வாழ்வைக் கடன்பெற்று நிற்பது தெளிவாகிறது. ஒரு விலங்கின் இருப்புக்கு இலக்கியத்தைச் சான்றாக்கும்போது, அதன் பெயர் வரும் இடத்தைவிட, அது பாடலில் ஆற்றும் பணியே அளவுகோலாக வேண்டும் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிங்கம், ஆளி, புலி, கருப்பொருள், புலிகுத்திக்கல், கொங்கு நாடு, திருப்பூர், கிர் காடு.

முன்னுரை

ஐந்திணைக் கருப்பொருள்களை மாணவர்க்குக் கற்பிக்கும்போது ஓர் அட்டவணை கரும்பலகையில் எழுதப்படுவது வழக்கம். அதில் குறிஞ்சிக்குரிய விலங்குகளாகப் புலி, கரடி, சிங்கம் என மூன்றும் வரிசையாக இடம்பெறுகின்றன. இவ்வட்டவணையை மனப்பாடம் செய்த மாணவர், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு காலத்தில் சிங்கம் திரிந்தது என்றே எண்ணுவார். அந்த எண்ணத்தில் தவறு காண ஆசிரியரும் முற்படுவதில்லை. ஆனால் தொல்காப்பிய அகத்திணையியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர் குறிஞ்சிக்குக் காட்டும் விலங்குகள் யானை, புலி, பன்றி, கரடி என்பனவே. இடைப்பட்ட காலத்தில் சிங்கம் அட்டவணைக்குள் நுழைந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எதன் இடத்தில் அமர்ந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவுக்குக் கொங்கு நிலம் பொருத்தமான களமாகும். இன்று பின்னலாடைத் தொழிலால் அறியப்படும் திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதி, உடுமலை, அமராவதி வழியாக ஆனைமலைப் புலிகள் காப்பகத்துள் சென்று முடிகிறது. காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலி சூழ்ந்த கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் இன்றும் உள்ளன. வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் நிறைந்த இந்நிலமே காங்கேயம் மாட்டினத்தின் பிறப்பிடம். மாடும் மேய்ப்பரும் கொன்றுண்ணும் விலங்கும் நெடுங்காலம் ஒருங்கே வாழ்ந்த நிலம் இது. எனவே இங்கு எந்த விலங்கு எவ்வாறு நினைவுகொள்ளப்பட்டது என்பதைக் கல்லிலும் சொல்லிலும் ஒப்பிட்டுக் காண இயலும்.

சிங்கத்தின் இயல்பு வாழ்வு

இலக்கியச் சிங்கத்தை மதிப்பிட, காட்டுச் சிங்கத்தின் வாழ்வைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். பூனைக் குடும்பத்தின் பெரிய விலங்குகளுள் கூட்டமாக வாழ்வது சிங்கம் ஒன்றே. தாய், மகள், உடன்பிறந்தவை என உறவுடைய பெண் சிங்கங்களே கூட்டத்தின் நடுநாயகம். ஆண் சிங்கங்கள் இரண்டு மூன்றாகக் கூட்டணி அமைத்து ஓர் எல்லையைக் காக்கின்றன. வலிய கூட்டணி வரும்போது தம் இடத்தை இழக்கின்றன. வேட்டையின் பெரும்பகுதி பெண் சிங்கங்களுடையது. நாளின் பெரும்பொழுது உறக்கத்திலும் ஓய்விலும் கழிகிறது. குட்டிகள் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின் பால்குடி மறந்தாலும், வேட்டையில் முறையாகப் பங்கேற்க ஓராண்டேனும் ஆகிறது.

ஆசியச் சிங்கம் இயற்கையாக வாழும் ஒரே இடம் குசராத்தின் கிர் காடும் அதனைச் சூழ்ந்த சௌராட்டிரப் பகுதியும் ஆகும். 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 523ஆக இருந்த எண்ணிக்கை 2020இல் 674ஆகவும் 2025இல் 891ஆகவும் உயர்ந்துள்ளது. அங்கு ஆண் சிங்கங்கள் பெரும்பாலும் பெண் கூட்டத்தினின்று விலகித் தனியே திரிகின்றன. தேக்கும் முட்புதரும் கலந்த வறண்ட காடு அது. மால்தாரி எனப்படும் மேய்ப்பர் சமூகத்தின் எருமைகளும் மாடுகளும் அச்சிங்கங்களின் உணவில் இன்றளவும் இடம்பெறுகின்றன.

வரலாற்றுக் காலத்தில் இந்தியச் சிங்கத்தின் பரவல் வடக்கிலும் மேற்கிலும் நடுப்பகுதியிலும் அமைந்திருந்தது. நருமதை ஆற்றைத் தென்னெல்லையாகக் கொள்வதே உயிரியலாளரின் பொதுக் கருத்து. இலங்கையில் குருவிட்டைக்கு அருகே கிடைத்த பற்களைக் கொண்டு 1939இல் பி. இ. பி. தெரணியகலை ஒரு தொல்சிங்க வகையை விவரித்தார். அது வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தது; சங்கப் பாடல்களின் காலத்தோடு அதை இணைக்க வழியில்லை. ஆகவே தமிழ்ப் பாடலில் சிங்கம் வருமிடமெல்லாம், கண்டு எழுதியதா, கேட்டு எழுதியதா என்ற வினா எழுவது தவிர்க்க முடியாதது.

ஆளியும் அரிமாவும்

சங்க இலக்கியத்தில் சிங்கத்தோடு இணைத்துப் பேசப்படும் பெயர்களுள் முதன்மையானது ஆளி. குறிஞ்சிப்பாட்டில் தலைவன் இரவில் வரும் வழியின் இடர்களைக் கூறும் தோழி, புலி, கரடி ஆகியவற்றோடு ஆளியையும் சேர்த்துச் சொல்கிறாள். மெய்யான விலங்குகளின் வரிசையில் ஆளி நிற்பதால், அதுவும் மெய்யான விலங்கே என்று வாதிடுவோர்க்கு இவ்விடம் வலுவான சான்று. அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

எனினும் ஆளி தனித்துப் பேசப்படும் பிற இடங்களில் அதன் செயல் ஒன்றே ஒன்றாகச் சுருங்குகிறது: அது யானையைக் கொல்கிறது. பொருநராற்றுப்படை இளம் கரிகாலனின் ஆற்றலைச் சொல்ல, தாய்ப்பால் மறவாத ஆளிக் குருளை தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்ற காட்சியை உவமையாக்குகிறது. ஆப்பிரிக்காவின் போட்சுவானாவில் சவுத்திப் பகுதியில் சிங்கங்கள் யானையை வேட்டையாடியது பதிவாகியுள்ளது. ஆயின் அது பெருங்கூட்டம் இரவில் ஒருங்கே தாக்கிய வேட்டை. இலக்கானவை பெரும்பாலும் இளம் யானைகள். பால்குடி மறவாக் குட்டி தனித்துக் களிற்றைக் கொல்வது எந்தக் காட்டிலும் நிகழாதது. இதனைப் புலவரின் அறியாமை என்று கூறுதல் பொருந்தாது. அரியணைக்கு உரிய வயது வருமுன் பகையை வென்ற இளைஞனுக்கு, நிகழ முடியாத வேட்டையே பொருத்தமான உவமை. மிகை இங்குக் குறையன்று. அதுவே பாடலின் நோக்கம். ஆனால் அதே காரணத்தால் இவ்வுவமையை விலங்கியல் சான்றாகக் கொள்ளுதல் இயலாது.

பதிற்றுப்பத்தின் 12ஆம் பாடலில் குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடும்போது, அரிமான் உலவும் சாரலில் பிற விலங்குக் கூட்டங்கள் நெஞ்சு நடுங்குவதுபோலப் பகையரசர் உறக்கம் இழந்தனர் என்கிறார். இங்கு அரிமானின் உருவமோ நடையோ ஓசையோ சொல்லப்படவில்லை. அது உலவுகிறது என்ற செய்தி மட்டுமே உண்டு, மற்றவை அஞ்சுகின்றன. விலங்கு கண்ணுக்குப் புலப்படாமல், அதன் விளைவு மட்டும் புலப்படும் இவ்வமைப்பு, அரசனின் புகழுக்கு நன்கு பொருந்துவது. மடங்கல் என்னும் சொல்லோ சிங்கத்தோடு கூற்றுவனையும் ஊழிமுடிவையும் குறிக்கும் பல்பொருள் ஒருசொல். சினத்தைச் சொல்ல அது வருமிடங்களில் எப்பொருள் முந்துகிறது என்று உறுதியாகப் பிரித்தறிவது கடினம்.

மேற்கண்ட இடங்களில் பொதுவான ஒரு கூறு உண்டு. ஆளியும் அரிமாவும் தனித்தவை. அவற்றுக்கு இணையில்லை, கூட்டமில்லை. குருளை ஒன்று வந்தாலும் அது தனித்துக் கொல்வதற்காகவே வருகிறது.

குடும்பம் பெற்ற புலி

இதற்கு நேர்மாறாக, சங்க அகப்பாடல்களில் புலிக்குக் குடும்பம் உண்டு. ஈன்று பசித்திருக்கும் பெண்புலிக்காக ஆண்புலி வேட்டைக்குச் செல்வது அகப்பாடல்களில் மீண்டும் வரும் காட்சி. குறுந்தொகை 47ஆம் பாடலில், வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் கரிய பாறை புலிக்குட்டியைப்போல் தோன்றுகிறது. புறநானூறு 86இல் காவற்பெண்டு தன் வயிற்றைப் புலி தங்கிச் சென்ற கற்குகையாகக் காண்கிறார். குட்டியின் நிறம், குகை, தாய்மை, பசி ஆகிய அனைத்தும் புலியைச் சூழ்ந்துள்ளன.

இங்கு ஒரு முரண் தெளிவாகிறது. இயற்கையில் தனித்து வாழ்வது புலி. ஆண்புலி பெண்புலிக்கு இரை கொணர்வது அதன் பொது இயல்பன்று. குடும்பமாக வாழ்வது சிங்கம். தமிழ்க் கவிதையோ தனித்த புலிக்குக் குடும்பத்தைத் தந்து, குடும்பமுடைய சிங்கத்தைத் தனித்து நிறுத்தியது.

அவ்வாறாயின், புலியைப் பற்றிய பதிவும் பிழையானது. எனவே சிங்கத்தைப் போலவே அதுவும் காணாது பாடியது என்று ஒருவர் மறுக்கலாம். புறநானூறு 190இல் வரும், இடப்பக்கம் வீழ்ந்த இரையைப் புலி உண்ணாது என்ற நம்பிக்கையையும் அவர் சான்று காட்டலாம். இம்மறுப்பு சரியானதே. செய்தியின் துல்லியத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் புலியும் தேறாது. ஆகவே அளவுகோலை மாற்ற வேண்டியுள்ளது. கேட்க வேண்டியது, பாடல் சொல்வது சரியா என்பதன்று. அவ்விலங்கு பாடலில் எப்பணிக்கு வருகிறது என்பதே.

குறுந்தொகைப் பாடலில் புலிக்குட்டி யாரையும் புகழ வரவில்லை. இரவில் வரும் தலைவனுக்குப் பாறைகூட அச்சம் தரும் என்பதைச் சொல்ல வருகிறது. அதன் உரோம நிறத்தைக் கேட்போர் அறிவர் என்ற நம்பிக்கையிலேயே அவ்வுவமை இயங்குகிறது. அறியப்பட்ட பொருளைக் கொண்டே அறியாத பொருளை விளக்க இயலும். புலி அறியப்பட்ட பொருளாக நிற்கிறது. வரிகளால் பெற்ற கொடுவரி, குயவரி ஆகிய பெயர்களும் கண்ணால் கண்டவர் இட்ட பெயர்களே. ஆளியும் அரிமாவுமோ பெரும்பாலும் அரசனின் உயர்ச்சிக்கும் மலைவழியின் அச்சத்துக்குமே வருகின்றன. அன்றாட வாழ்வின் ஒரு பொருளை விளக்க அவை அழைக்கப்படுவது அரிது.

மரபியலும் உரையும்

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வகுக்கிறது. அதில் குருளை என்னும் இளமைப் பெயர் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றுக்கு உரியது; நரிக்கும் பொருந்தும். ஒருத்தல், போத்து ஆகிய ஆண்பாற் பெயர்களைப் பெறும் விலங்குகளின் வரிசையிலும் புலி உண்டு. பொருநராற்றுப்படை ஆளியின் குட்டியைக் குருளை என்று சொல்லும்போது, மரபியல் புலிக்கு வகுத்த சொல்லையே எடுத்துக்கொள்கிறது.

இதனினும் முதன்மையானது ஏறு என்னும் சொல். மரபியலில் பன்றி, புல்வாய், உழை, கவரி, எருமை, மரை, பெற்றம் ஆகியன ஏறு என்னும் ஆண்பாற் பெயர் பெறுகின்றன. கடல்வாழ் சுறாவும் பெறுகிறது. சிங்கம் அவ்வரிசையில் இல்லை. திருக்குறள் 59இல் ஏறுபோன்ற பெருமித நடை பேசப்படுகிறது. பரிமேலழகர் அதனைச் சிங்க ஏறு எனப் பொருள்கொள்கிறார். பெருமிதம் என்றதும் சிங்கம் நினைவுக்கு வரும் காலத்தில், வடமொழி மரபில் தோய்ந்த உரையாசிரியர்க்கு இது இயல்பான பொருளே. ஆயினும் மரபியலின் வழிநின்று காண்போர்க்கு, ஏறு என்பது நிமிர்ந்த திமிலோடு நடக்கும் காளையாகவும் இருக்கலாம். காங்கேயம் காளையின் நடையைக் கண்டு பழகிய கொங்கு வாசகர் ஒருவர்க்கு இரண்டாம் பொருள் உவமையின் வலிமையைக் குறைப்பதாகத் தோன்றாது. உரை மேய்ச்சல் நிலத்து விலங்கை அகற்றி, அங்கு அரியணை விலங்கை நிறுத்தியது. கருப்பொருள் அட்டவணையில் சிங்கம் புகுந்ததும் இதே திசையில் நிகழ்ந்த மாற்றமாகும்.

குகைக்குள் உறங்கும் சிங்கம்

கண்டெழுதியது போன்ற நுணுக்கம் உடைய சிங்கச் சித்திரிப்பு பக்தி இலக்கியத்தில் கிடைக்கிறது. திருப்பாவை 23ஆம் பாசுரத்தில், மழைக்காலத்தில் மலைக்குகையில் உறங்கும் சிங்கம் விழிக்கிறது, கண்ணில் தீப்பொறி, பிடரி மயிர் சிலிர்க்கிறது, உடலை உதறி நிமிர்ந்து, முழங்கிப் புறப்படுகிறது. இயக்கங்களின் வரிசை அவ்வளவு துல்லியமாக உள்ளதால், ஆண்டாள் சிங்கத்தைக் கண்டிருக்க வேண்டும் என்று கருதத் தோன்றும்.

ஆனால் உறக்கம் கலைந்ததும் உடலை நீட்டுவதும் உதறுவதும் பூனைக் குடும்பத்தின் பொது இயல்புகள். வீட்டுப் பூனையிடமும் அவற்றைக் காணலாம். சிங்கத்தைச் சிறப்பாக அடையாளப்படுத்துபவை பிடரி மயிரும் முழக்கமும். அவை சிற்பமும் வாய்மொழியும் ஏற்கெனவே பரப்பியிருந்த செய்திகள். குகையோ சிங்கத்தின் இயல்பான உறைவிடமன்று. கிர் காட்டுச் சிங்கங்கள் புதர்நிழலிலும் மரநிழலிலுமே பெரும்பாலும் ஓய்வெடுக்கின்றன. வடமொழிக் காப்பிய மரபிலும் சிங்கம் குகையோடு இணைக்கப்படுவது உண்மை. எனினும் தமிழில் குகைக்கு உரிமையுடைய விலங்கு காவற்பெண்டின் புலி. ஆண்டாளின் சிங்கம் அக்குகையில் குடிபுகுந்திருக்கிறது. இதனால் பாசுரத்தின் அழகு சிறிதும் குறைவதில்லை. காணாத விலங்கைக் கண்ட விலங்கின் உடலால் உயிர்ப்பித்தது ஆண்டாளின் ஆற்றல். துல்லியம் எப்போதும் நேர்க்காட்சிக்குச் சான்றாகாது என்பதே இதனால் பெறப்படும் முறையியல் பாடம்.

கொங்கு நிலத்தின் கற்கள்

இலக்கியம் காட்டும் இவ்வேறுபாட்டைக் கொங்கு நிலத்தின் கற்கள் உறுதி செய்கின்றன. நாமக்கல் மலையில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியர் குடைவரையில் நரசிங்கம் உள்ளது. அம்மன் கோயில்களில் சிம்ம வாகனமும், நாயக்கர் காலத் தூண்களில் யாளியும் நிற்கின்றன. பெருங்கதை தந்த கொங்குவேளிரின் ஊரெனப்படும் விசயமங்கலம், திருப்பூருக்கு அண்மையில் உள்ள சமணத் தலம். சமண மரபில் மகாவீரரின் அடையாளமும் சிங்கமே. இவை அனைத்திலும் சிங்கம் இறைமையைத் தாங்குகிறது, அல்லது தானே இறைமையாகிறது. அதனோடு போரிடும் மனிதன் அங்கு இல்லை. அதனால் இறந்தவனும் இல்லை.

கொங்கின் ஊர்ப்புறங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் காணப்படும் புலிகுத்திக்கற்களின் கதை வேறு. பாயும் புலியின் உடலில் ஈட்டியையோ வாளையோ செலுத்தும் வீரன் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கிறான். கால்நடையைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவர்க்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் அவை. பல இன்றும் வழிபாட்டில் உள்ளன. அங்குப் புலி உவமையன்று, இழப்பின் காரணம். புலிகுத்திக்கல் உண்டு; சிங்கம்குத்திக்கல் என ஒரு வகை நடுகல் மரபில் இல்லை. மால்தாரி மேய்ப்பர் கிர் காட்டில் சிங்கத்தோடு பகிர்ந்துகொண்ட வாழ்வைக் கொங்கு மேய்ப்பர் புலியோடும் சிறுத்தையோடும் பகிர்ந்துகொண்டனர். ஒரு விலங்கு ஒரு நிலத்தில் வாழ்ந்ததா என்பதற்கு, அதனால் யார் இறந்தார், யார் நினைவுகூரப்பட்டார் என்ற வினாவே நம்பத்தக்க விடை தருகிறது.

அவ்வாழ்வு முற்றும் பழங்கதையாகிவிடவில்லை. 2022 சனவரியில் அவிநாசி அருகே பாப்பாங்குளத்தில் சோளக்காட்டுப் பகுதியில் தென்பட்ட சிறுத்தை சிலரைத் தாக்கியது. சில நாள்களில் திருப்பூர் நகர்ப்பகுதியில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டது. பனியன் நிறுவனங்கள் நெருங்கிய நகரத்துக்குள்ளும் வந்தது இந்நிலத்தின் நினைவிலுள்ள விலங்கினமே.

முடிவுரை

தமிழில் சிங்கம் வாழ்ந்தது சொல்லிலும் கல்லிலுமே. கொங்கு நிலத்தில் மேய்ப்பரின் உயிரோடு தொடர்புடையதாக நின்றது புலி. ஆளிக்குப் புலியின் குருளையும், சிங்கத்துக்குப் புலியின் குகையும், உரையில் காளைக்குரிய ஏற்றின் நடையும் கிடைத்தன. தனக்கே உரிய தாய்வழிக் கூட்டத்தை மட்டும் அது பெறவில்லை. அரசனைப் பாடிய மரபுக்குக் கூட்டத்தோடு உறங்கும் விலங்கு தேவைப்படவில்லை.

இம்முடிவு தமிழ்ச் சிங்கத்தின் இலக்கிய மதிப்பைக் குறைப்பதற்கன்று. கற்பனை விலங்காக அதன் வரலாறு தனித்து ஆராயத்தக்கது. மறுக்கப்படுவது, அதனை நிலத்தின் விலங்காகப் பதிவு செய்யும் அட்டவணை மட்டுமே. குறிஞ்சிப்பாட்டின் ஆளி குறித்த ஐயம் இன்னும் எஞ்சி நிற்கிறது. அது எவ்விலங்கு என்பது தனி ஆய்வுக்குரியது. ஆனால் அவ்வோர் இடத்தைக் கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் சிங்கத்தைக் குடியேற்றுதல் தகாது. கருப்பொருள் கற்பிக்கும் வகுப்பறையில், சிங்கம் என்னும் சொல்லுக்கு எதிரே இளம்பூரணரின் பட்டியலையும் ஒரு புலிகுத்திக்கல்லின் படத்தையும் வைத்தால், மாணவர் தம் ஊர்ப் புறத்தில் நிற்கும் கல்லைத் தாமே படிக்கத் தொடங்குவர்.